வெளிச்சம் படாமல்

எம்ப்ரோவுக்கு மேற்கே மூன்றாவது பண்ணை.
பிப்ரவரி. விடியவே இல்லை.
வாலைத் தூக்கிப் பிடித்து
அடியில் நரம்பு தேடி ஊசி இறக்கினேன்.
மார்மலேட் திரும்பிப் பார்த்தாள்,
ரசீது கேட்கிறவள் போல.

கன்று ஈன இன்னும் மூன்று வாரம்.
அவள் பிறந்த வருடம் கன்றுகளுக்கெல்லாம்
'மா'வில் பெயர் வைத்திருந்தான் வைப்ரன் ஹூக்ஸ்ட்ரா.
கறுப்பு வெள்ளை மாட்டுக்கு
ஆரஞ்சுப் பழ ஜாமின் பெயர் வந்தது அப்படித்தான்.

படிவத்தில் எழுதியிருந்தது:
விட்டமின் ஈ பார்க்கிற குழாயை
வெளிச்சம் படாமல் சுற்ற வேண்டும்.
என்னிடம் வெள்ளித்தாள் தீர்ந்திருந்தது.
வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே குழாயை வைத்துவிட்டு
இன்னும் இரண்டு பண்ணைக்குப் போனேன்.
பனியில் பட்டுத் தெறித்த வெயில்
என்ன கொஞ்சமா?

ஆய்வகத்திலிருந்து ஒரே வரி.
சிவப்பணு உடைந்த மாதிரி, மீண்டும் அனுப்பவும்.
நாளைக்கு என்று வைத்தேன்.
நாளைக்கு வேறொரு பண்ணையில்
வேறொரு மாடு விழுந்து கிடந்தது.

உயிரோடிருப்பதே ஒரு எரிதல்.
சினைமாடு இரண்டு பேருக்காக எரிகிறது,
ஈன்றபின் நாளுக்கு நாற்பது லிட்டருக்காக.
அந்த வாரங்களில் தீனி இறங்காது.
தன் கொழுப்பையே விறகாக வெட்டிப் போட்டுக்கொள்ளும்.
எரிகிற இடத்தில் பொறி பறக்கும்.
பொறியை அவிக்க ஆள் வேண்டும்.
செலினியம் ஓர் ஆள்; இந்த மண்ணில் அவன் குறைவு.
விட்டமின் ஈ இன்னோர் ஆள்;
பச்சைப் புல்லோடு வருகிறவன்,
பிப்ரவரி வைக்கோலில் ஏது?

வெள்ளணு கிருமியைக் கொல்வதும்
இதே நெருப்பால்தான்.
விழுங்கி, வயிற்றுக்குள் வைத்துக் கொளுத்தும்.
அவிக்க ஆளில்லாத நாளில்
கொளுத்தியதும் சேர்ந்து கருகும்.
வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள்.
இங்கே மேயவில்லை.
பயிரோடு சேர்ந்து வேலியும் எரிந்தது.

செவ்வாய் இரவு ஈன்றாள். கிடேரி,
ஈரத்தோடே எழுந்து நின்ற நல்ல கிடேரி.
இளங்கொடி விழவில்லை.
ஒரு நாள். ஒன்றரை நாள்.
ஞாயிறு காலை கறுப்புத் தட்டில்
முன் இடது காம்பைப் பீய்ச்சிக் காட்டினான் வைப்ரன்:
தண்ணீர்,
அதில் மிதக்கிற தயிர்த் துணுக்கு.
மடியின் அந்தக் கால்பங்கு கல்லாக இருந்தது.

அந்தக் குழாய் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தாலும்
இதே நடந்திருக்கலாம் என்றார் டாக்டர் மெகின்டயர்.
நடந்திருக்க-லாம்.
அந்த இரண்டெழுத்துக்கு அடியில்
எத்தனை மாடு ஒதுங்கி நிற்க முடியும்?
வைப்ரன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல மூன்று பதில் வைத்திருந்தேன்.
மூன்றும் என்னிடமே இருக்கின்றன.

மார்ச்சில் சினைமாடு பதினொன்று.
எட்டாவது குழாயோடு மறுபடியும் வெள்ளித்தாள் தீர்ந்தது.
மதியச் சாப்பாட்டைப் பிரித்தேன்.
ரொட்டியையும் சம்பலையும் மடியில் கொட்டிவிட்டு
சுற்றியிருந்த தாளை மூன்றாகக் கிழித்தேன்.
ஆய்வகத்துப் பெண் போன் செய்தாள்:
மூன்று குழாயில் ஏதோ மணக்கிறதே, என்ன அது?
தேங்காய், என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு எண்களை வாசித்தாள்.
பதினொன்றில் எட்டு குறைவு.
அன்று மாலையே தாது உப்பின் அளவை மாற்றினோம்,
எட்டுக்கும் ஊசி போட்டோம்.

மார்மலேட் இப்போது மூன்று காம்பில் கறக்கிறாள்.
நான்காவது குழலுக்கு மஞ்சள் மூடி.
வைப்ரன் அதைச் செருகும்போது
நான் வேறு பக்கம் பார்ப்பது அவனுக்குத் தெரியும்.

போன வாரம் வண்டிக் கதவைத் திறந்தால்
முன்னிருக்கையில் ஒரு பை.
ஐந்து உருளை வெள்ளித்தாள்.
ரசீதையும் ஒட்டி வைத்திருந்தான்.